வண்டி போகும் வழிக்கும் ஒரு கணக்கு உண்டு

சீனி மூட்டைக்கு என்ன நிற்கிறது, எண்ணெய் டின்னுக்கு என்ன நிற்கிறது என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் நாம். அதே சரக்கு நம் கிடங்கிலிருந்து சில்லறைக் கடை வாசலுக்குப் போய்ச் சேர என்ன ஆகிறது என்று கேட்டால் மட்டும், 'வண்டிச் செலவு' என்று பேரேட்டில் ஒரே வரியைக் காட்டுகிறோம். டீசல், டிரைவர் சம்பளம், இறக்கு கூலி, டயர், இன்சூரன்ஸ், வண்டி சும்மா நின்ற நேரம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் மூட்டை கட்டிக் கிடக்கின்றன. அவிழ்த்துப் பார்த்தால், பல சரக்குகளில் நமக்கு நிற்க வேண்டியதை அந்த வரியே விழுங்கியிருப்பது தெரியும்.

முன்பு இது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை. பாவூர்சத்திரத்துக் கடைக்காரரும் செங்கோட்டைக் கடைக்காரரும் காலை பஸ்ஸில் தென்காசிக்கு வந்து, சிட்டையைக் கொடுத்து, சரக்கைத் தாமே ஏற்றிப் போனார்கள். வண்டிக் கூலி அவர்கள் பாடு. இன்று சிட்டை செல்போனில் வருகிறது. மறுநாள் கடை திறக்கும்போது சரக்கு வாசலில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பதில் தவறும் இல்லை. அப்படி அனுப்புவதற்கென்றே பெரிய முதலோடு சில நிறுவனங்கள் வந்துவிட்டன. விலையில் அவர்களோடு நாம் ஓரளவு மல்லுக்கட்டலாம். கடன் கொடுப்பதில் நாம்தான் தாராளம். வண்டி விஷயத்தில்தான் பின்தங்குகிறோம். அவர்களிடம் ஓடுவதும் நம்மிடம் ஓடும் அதே 'குட்டி யானை' தான். அதை எந்தத் தெருவுக்கு முதலில் விடுவது, எதற்குப் பிறகு எது என்று சொல்ல அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது, அது நமக்கு எட்டக்கூடியதா என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

எல்லா வழியையும் பார்க்க முடியாது

ஒரு வண்டி, பத்துக் கடை. எந்த வரிசையில் போவது? 'இதென்ன பெரிய கேள்வி' என்று தோன்றும். முதல் கடையாகப் பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்ததாக மீதி ஒன்பதில் ஒன்றை, பிறகு எட்டில் ஒன்றை. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 36 லட்சத்து 28 ஆயிரத்து 800 வரிசைகள் வருகின்றன. பதினைந்து கடை என்றால் 1.3 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. விநாடிக்குப் பத்து லட்சம் வரிசைகளைச் சரிபார்க்கும் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்தாலும், பதினைந்து கடைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க பதினைந்து நாள் ஆகும். இருபது கடைக்கு ஏறக்குறைய 77 ஆயிரம் ஆண்டுகள். சரக்கு அதுவரை தாங்காது!

ஆகவே கம்ப்யூட்டர் எல்லா வழிகளையும் பார்ப்பதில்லை. நம் டிரைவர்கள் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. கண்திட்டமாக ஒரு நல்ல வழியைப் பிடிக்கிறது, பிறகு அதை அங்கங்கே தட்டிச் சரிசெய்கிறது. இதற்கு 'ஹியூரிஸ்டிக்' முறை என்று பெயர். இதுதான் உலகத்திலேயே சிறந்த வழி என்று அது சத்தியம் செய்யாது. நல்ல வழி, காலையில் வண்டி கிளம்பும் முன் கிடைக்கும், அவ்வளவுதான். வியாபாரத்துக்கு அது போதும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது நமக்குச் சந்தோஷம் தரும் செய்தி. 1959-ல் அமெரிக்காவில் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர், ஒரு பெட்ரோல் கிடங்கிலிருந்து பல பங்குகளுக்கு டேங்கர் லாரிகளை எப்படி அனுப்புவது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைவிட எளிய, கைக்கு அடக்கமான முறையை 1964-ல் வெளியிட்டவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த கிளார்க், ரைட் என்பவர்கள். அவர்களில் கிளார்க் வேலை பார்த்தது கோஆபரேட்டிவ் ஹோல்சேல் சொசைட்டியில். அதாவது நம்மைப் போல் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கூட்டுறவு மொத்தக் கடை. இன்றும் உலகமெங்கும் வண்டி அனுப்பும் மென்பொருள்களுக்குள் அந்த மொத்தக் கடைக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிச்சக் கணக்கு

கிளார்க்–ரைட் முறையை நம் ஊர்த் தூரங்களை வைத்தே பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க முழு கிலோமீட்டராக, ஏறத்தாழ வைத்துக்கொள்வோம். தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் 10, ஆலங்குளம் 25, சுரண்டை 16. பாவூர்சத்திரத்துக்கும் ஆலங்குளத்துக்கும் இடையே 15, ஆலங்குளத்துக்கும் சுரண்டைக்கும் 18, பாவூர்சத்திரத்துக்கும் சுரண்டைக்கும் 11.

மூன்று ஊருக்கும் தனித்தனியே போய்த் திரும்பினால் 20, 50, 32 ஆக மொத்தம் 102 கிலோமீட்டர். இனி இரண்டிரண்டு ஊராகச் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். தென்காசியிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டி, அவற்றுக்கு இடையிலான தூரத்தைக் கழித்தால் வருவதுதான் மிச்சம். ஆலங்குளம்–சுரண்டை ஜோடிக்கு 25-ம் 16-ம் சேர்ந்து 41, அதில் 18 போக 23. பாவூர்சத்திரம்–ஆலங்குளம் ஜோடிக்கு 20. பாவூர்சத்திரம்–சுரண்டைக்கு 15. எது அதிகமோ அதை முதலில் முடிச்சுப் போடு என்பதுதான் முறை. முதலில் ஆலங்குளத்தையும் சுரண்டையையும் கட்டுகிறோம், அடுத்து அதனோடு பாவூர்சத்திரத்தை. தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை, மீண்டும் தென்காசி. மொத்தம் 59 கிலோமீட்டர். நூற்றிரண்டுக்கு ஐம்பத்தொன்பது.

இதே கணக்கைச் செங்கோட்டைக்கும் பாவூர்சத்திரத்துக்கும் போட்டுப் பாருங்கள். செங்கோட்டை மேற்கே 8, பாவூர்சத்திரம் கிழக்கே 10, இரண்டுக்கும் இடையே தென்காசி வழியாக 18. மிச்சம் பூஜ்யம். ஒரே வண்டியில் ஏற்றுவதால் தூரத்தில் எந்த லாபமும் இல்லை என்று கணக்கே சொல்லிவிடுகிறது. குற்றாலம் 6, செங்கோட்டை 8, இடையே 7 என்றால் மிச்சம் 7. அந்த இரண்டும் ஒரு வண்டிக்குரியவை.

வண்டியின் கொள்ளளவும் இதில் சேர்கிறது. குட்டி யானையில் சட்டப்படி முக்கால் டன் ஏற்றலாம் என்றால், முடிச்சுப் போடும்போதே எடையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எடை நிரம்பியதும் அந்த வண்டியை மூடிவிட்டு அடுத்த வண்டியைத் திறக்க வேண்டும். (எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு நாம் என்ன சொல்ல! பட்டை முறியும்போது அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.)

இதற்கு இன்னொரு சுருக்கமான முறையும் உண்டு. 1974-ல் கில்லட், மில்லர் என்பவர்கள் எழுதியது. கிடங்கை நடுவில் வைத்துக் கடிகார முள்ளைப் போல் ஒரு கோட்டைச் சுற்ற வேண்டும். முள் தொடும் கடைகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வண்டி நிரம்பியதும் அங்கே வெட்டி, அடுத்த வண்டிக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும். தென்காசி இதற்கு வசதியான ஊர். குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி, கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம், கடையம் என்று சுற்றிலும் ஊர்கள் இருக்கின்றன.

வழி கிடைத்த பிறகு ஒரு சின்னச் சோதனை. காகிதத்தில் வரைந்த வழி தன்னைத் தானே எங்காவது வெட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். வெட்டினால் அந்த இடத்தில் பெரும்பாலும் தூரம் வீணாகிறது, இரண்டு கடைகளின் வரிசையை மாற்றினால் சிக்கல் அவிழும். கம்ப்யூட்டரும் இதைத்தான் ஆயிரக்கணக்கான முறை செய்து பார்க்கிறது.

காகமும் குட்டி யானையும்

இவ்வளவு கணக்கும் தூரத்தின் மேல் நிற்கிறது. தூரம் தப்பானால் கணக்கு முழுவதும் தப்பு. அங்கேதான் வரைபடம் வருகிறது. ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு என்பது ஒன்றும் மாயமல்ல. கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள கிராம வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் கண்ணாடித் தாள் ஒன்றைப் போட்டு ரோடுகளை வரைகிறோம். அதற்கு மேல் இன்னொரு தாளில் கடைகள். மூன்றாவது தாளில் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற விவரம். நான்காவதில் எந்தத் தெருவுக்குள் லாரி நுழையாது என்பது. எல்லாத் தாள்களையும் ஒரே இடத்தில் பொருத்தி வைத்து, வேண்டியதை வேண்டியபோது கேட்டுப் பெறுவதற்கு வசதி செய்வதுதான் ஜி.ஐ.எஸ். 1960-களில் கனடா அரசு தன் நில வளங்களைக் கணக்கெடுக்க இதைத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் ரோஜர் டாம்லின்சன். இன்று நம் செல்போனில் வழி காட்டும் வரைபடங்கள் எல்லாம் இந்த வம்சம்தான். நம் இஸ்ரோ நிறுவனம் 2009-ல் 'புவன்' என்ற பெயரில் இந்திய வரைபடச் சேவையைத் தொடங்கியது.

வரைபடம் இல்லாமல் இரண்டு கடைகளுக்கு இடையே நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அது காகத்துக்குத்தான் பொருந்தும். சிற்றாற்றின் இந்தக் கரையில் ஒரு கடை, அந்தக் கரையில் ஒரு கடை. நேர்கோட்டில் பார்த்தால் கூப்பிடு தூரம். பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுற்றித்தான் வண்டி வர வேண்டும். ரயில்வே கேட்டும் அப்படித்தான். மேற்கே மலை ஏறும் ரோட்டில், புலியரை தாண்டிய வளைவுகளில், கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் நேரம் ஏமாற்றிவிடும். ஆகவே ரோட்டுத் தூரத்தோடு அதைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்துத் தருவதுதான் நல்ல வரைபடம்.

குற்றாலம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது

இனி நம் ஊர்ச் சங்கதி. ஆனி, ஆடி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தின் சரக்குத் தேவை ஒரே வாரத்தில் பல மடங்காகிறது. லாட்ஜ் ஓட்டல்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சிப்ஸ் கடைகளுக்கு எண்ணெய் டின் டின்னாக, டீக்கடைகளுக்குச் சீனியும் தேயிலையும். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டால் மறுநாளே கூட்டம் வடிகிறது, ஆர்டர் போட்டவரே 'இன்றைக்கு வேண்டாம்' என்கிறார். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். பேரருவிப் பக்கமும் ஐந்தருவி ரோடும் பழைய குற்றாலமும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒரு மாதிரி, சீசன் ஞாயிற்றுக்கிழமையில் வேறு மாதிரி. அதே ரோடு, அதே கிலோமீட்டர். ஆனால் ஒன்றில் கால் மணி நேரம், மற்றதில் கணக்கே இல்லை.

நம் வட்டாரத்து மொத்தக் கடை ஒன்றில், முதலாளியின் மகன் இன்ஜினீயரிங் படித்தவர், கம்ப்யூட்டரில் வழி போட்டுக் கொண்டுவந்தார். அந்தக் கடையில் நெடுநாளாக வண்டி ஓட்டும் டிரைவர் தாளை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஐந்தருவி ரோட்டுல வண்டியத் திருப்பச் சொல்லுது இந்தப் பெட்டி. திருப்பிட்டு அங்கேயே சோறு பொங்கிச் சாப்பிட வேண்டியதுதான்" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. அவர் கெட்டிக்காரர். "நீங்க எத்தனை மணிக்குப் போவீங்க அண்ணே?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சீசனில் விடியற்காலை ஐந்தரைக்குள் குற்றாலம் முடிந்துவிட வேண்டும், மேலகரத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், இன்ன லாட்ஜில் பின்வாசல்தான் திறந்திருக்கும், இன்ன கடைக்காரர் பத்து மணிக்கு முன் பணம் தரமாட்டார். ஒரு மணி நேரம் டிரைவர் சொல்லச் சொல்ல எழுதினார். அத்தனையையும் கண்ணாடித் தாளில் ஏற்றியது போல் ஏற்றி மறுபடி கணக்குப் போட்டபோது வந்த வழியைப் பார்த்து, டிரைவர் இரண்டு இடத்தில் மட்டும் மாற்றச் சொன்னார். கிழக்கே ஆலங்குளம் பக்கம் அது சொன்ன வரிசை தமக்கே தோன்றாத வரிசை என்று ஒப்புக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியை நாம் சொல்வது கம்ப்யூட்டரைக் குறை சொல்வதற்கல்ல. எந்தக் கடை எப்போது திறக்கும், யார் எப்போது பணம் தருவார், வெள்ளிக்கிழமை மதியம் கடையநல்லூரில் தொழுகை நேரத்தில் எந்தெந்தக் கடை அடைத்திருக்கும், தேரோட்ட நாளில் தென்காசி ரத வீதிகளில் வண்டி நுழையுமா என்ற விவரங்கள் விலைக்கு விற்கும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவை நம் டிரைவர் தலையிலும், ஆர்டர் எடுக்கப் போகும் பையன் தலையிலும் இருக்கின்றன. அந்த டிரைவருக்கு வயது அறுபதைத் தொடுகிறது. அவர் வேலையை விட்டு நின்றால் அந்த வரைபடமும் அவரோடு போய்விடும். பல கடைகளில் இதுதான் இன்று உண்மையான ஆபத்து. புதிதாக வரும் பையன் செல்போன் காட்டும் வழியில் போவான். செல்போனுக்கு ரோடு தெரியும், கடை தெரியாது.

பெரிய இடங்களில் நடந்தது

அமெரிக்காவின் பெரிய பார்சல் கம்பெனியான யு.பி.எஸ்., 'ஓரியன்' என்ற பெயரில் இந்த வரைபடக் கணக்கைத் தன் வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. 2016 வாக்கில் அங்கே ஏறக்குறைய 55 ஆயிரம் வழித்தடங்களில் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குப் பத்துக் கோடி மைல் ஓட்டம் குறைந்ததாகக் கம்பெனி சொல்லியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, விலைக்குக் கிடைத்த வரைபடம் அவர்களுக்கும் போதவில்லை என்பதுதான். சரக்கு இறங்கும் வாசல் எது என்பது வரை தாங்களே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இதைவிட நம் தொழிலுக்கு நெருக்கமான உதாரணம் இருக்கிறது. ரேஷன் அரிசியும் கோதுமையும் கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் வழிகளைச் சீராக்க, மத்திய உணவுத் துறை, ஐ.நா. உலக உணவுத் திட்டத்தோடும் டில்லி ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப அமைப்போடும் சேர்ந்து 'அன்ன சக்ரா' என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. 2024 டிசம்பர் 5-ந் தேதி அதை மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி தொடங்கி வைத்தார். சுமார் 4.37 லட்சம் ரேஷன் கடைகளும் 6,700 கிடங்குகளும் இதன் எல்லைக்குள் வருகின்றன. முப்பது மாநிலங்களில் வழிகளை ஆராய்ந்ததில் ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அரசு மதிப்பிட்டது. எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு என்பதையே மாற்றிப் பார்த்தது இதன் சிறப்பு. பக்கத்துத் தாலுகாக் கிடங்கு கூப்பிடு தூரத்தில் இருக்க, 'நம் தாலுகா' என்பதற்காகத் தொலைவிலுள்ள கிடங்கிலிருந்து மூட்டை வருவது அரசாங்கத்தில் மட்டும் நடப்பதல்ல. நம் ஏஜென்சி எல்லைகளையும் நிதானமாக ஒருமுறை பார்த்தால் நல்லது.

கம்ப்யூட்டர் இல்லாமலும் முடியும்

பெரிய கம்பெனி, அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டே போனால், ஒரு வண்டி வைத்திருக்கும் உறுப்பினர் 'நமக்கு எதற்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருக்காகவே இந்தப் பகுதி.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில், முதியோர் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தர்ம ஏற்பாடு. யாருக்குச் சாப்பாடு என்ற பட்டியல் அடிக்கடி மாறும். கம்ப்யூட்டர் வாங்கப் பணமில்லை. அங்குள்ள ஜார்ஜியா டெக் கல்லூரியின் பேராசிரியர்கள் பார்தோல்டி, பிளாட்ஸ்மேன் இருவரும் அவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்து, 1983-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். மொத்தச் சாமான்: ஒரு வரைபடம், எண்கள் அச்சிட்ட ஓர் அட்டவணை, இரண்டு கார்டுப் பெட்டிகள்.

தத்துவம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். புள்ளிக் கோலத்தில் கையை எடுக்காமல் ஒரே இழையாக எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வருவார்கள் அல்லவா? அதுபோல் நகரத்தின் வரைபடம் முழுவதையும் மூலைமுடுக்கு விடாமல் தொட்டு வரும் ஒரே கோட்டைக் கற்பனை செய்துகொண்டார்கள். அந்தக் கோட்டில் ஒவ்வொரு வீடும் எத்தனையாவது இடத்தில் வருகிறதோ அந்த எண்ணைக் கார்டில் எழுதினார்கள். கார்டுகளை எண் வரிசையில் அடுக்கினால் அதுவே வண்டி போகும் வரிசை. புதிய ஆள் வந்தால் அவர் கார்டை அவர் எண்ணில் சொருக வேண்டும், போனால் எடுத்துவிட வேண்டும். வண்டிகள் எத்தனையோ அத்தனை பங்காகக் கட்டைப் பிரித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த முறையில் வரும் வழி, சராசரியாக மிகச் சிறந்த வழியைவிட நூற்றுக்கு 25 பங்கு வரை நீளமாக இருக்கலாம். கண்ணால் பார்த்துத் திருத்தினால் அதிலும் குறையும். இரண்டு பெட்டிக்கு இது மோசமில்லை. (கோலத்தைக் கம்ப்யூட்டர் கணக்கோடு பொருத்தி 1970-களிலேயே ஆராய்ந்தவர்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடலாம்.)

நம் வட்டாரத்துக்கு இழையை இப்படி ஓட்டலாம்: மேலகரம், குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர், இடைகால், ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுரண்டை, கீழப்பாவூர், பாவூர்சத்திரம், கடையம். ஒவ்வொரு ஊருக்கும் 100, 200, 300 என்று எண் கொடுங்கள். ஊருக்குள் கடைகளுக்குத் தெரு வரிசையில் 105, 110, 115 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். நாளைக்கு இரண்டு கடைக்கு நடுவே புதுக் கடை திறந்தால் 107 காலியாக இருக்கும். கார்டின் பின்புறத்தில் கடை திறக்கும் நேரம், பணம் தரும் நேரம், எந்த வாசல், சீசனில் என்ன மாற்றம் என்று டிரைவரைக் கேட்டு எழுதுங்கள். காலையில் சிட்டை வந்த கடைகளின் கார்டுகளை மட்டும் எடுத்து எண் வரிசையில் அடுக்கினால், ஏற்றும் வரிசையும் தானாகக் கிடைக்கும். கடைசிக் கடையின் மூட்டை முதலில் ஏறி உள்ளே போக வேண்டும், முதல் கடையின் மூட்டை கடைசியில் ஏற வேண்டும். நடு ரோட்டில் பத்து மூட்டையை இறக்கி ஒரு மூட்டையை உருவும் கூத்து இதில் நின்றுவிடும்.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் குறைந்தால், ஆண்டுக்கு 300 நாளில் 4,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 375 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 33,750 ரூபாய். இது டீசல் மட்டும்தான். வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்பினால் மதியம் இன்னொரு நடை போகலாம், அதுதான் பெரிய லாபம். அந்த ஒரு மணி நேரத்தில் டிரைவருக்கும் சுமை இறக்குகிறவருக்கும் ஏதாவது பங்கு இருந்தால்தான், அவர்கள் தலையில் உள்ளதைக் கார்டில் எழுதச் சம்மதிப்பார்கள். 'எழுதிக் கொடுத்தால் நம்மை நிறுத்திவிடுவார்' என்ற பயம் அவர்களுக்கு இருப்பது நியாயம். முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை.

பேரேட்டை யார் கையில் கொடுப்பது?

கார்டுப் பெட்டி ஒரு வண்டி, இரண்டு வண்டிக்குப் போதும். அதற்கு மேல் போனால் கம்ப்யூட்டர் வேண்டும். வழி போட்டுத் தரும் செயலிகள் இலவசமாகக்கூடக் கிடைக்கின்றன என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இங்கே நாம் ஒரு வார்த்தை எச்சரிக்க விரும்புகிறோம். அந்தச் செயலியில் நாம் ஏற்றுவது என்ன? நம் கடைகள் எங்கே இருக்கின்றன, எந்தக் கடை வாரம் எத்தனை மூட்டை எடுக்கிறது, எத்தனை மணிக்குப் பணம் தருகிறது என்பது. மொத்தத்தில் நம் வாடிக்கைப் பேரேடு. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தாலே மூடி வைக்கும் பேரேட்டை, ஊர் பேர் தெரியாத ஒருவர் பெட்டியில் நாமே ஏற்றுவதா? அந்த நிறுவனம் நாளை அதே கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு விற்கும் நிறுவனத்தின் உடன்பிறப்பாக இருந்துவிட்டால்?

ஆகவே நம் யோசனை இது. ரோடு, பாலம், கேட், நுழையாத தெரு, சீசன் நேரம், தேரோட்டப் பாதை ஆகிய பொது விவரங்களைச் சங்கமே சேகரித்து உறுப்பினர் எல்லோருக்கும் பொதுவாக வைக்கலாம். எந்தக் கடை யாருடைய வாடிக்கை, எவ்வளவு எடுக்கிறது என்பது அவரவர் கார்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். பொதுத் தாளும் சொந்தத் தாளும் தனித்தனி. கண்ணாடித் தாள் உதாரணம் இங்கேயும் உதவுகிறது. தமிழ்நாடு அரசுக்கும் இந்தியச் சர்வே துறைக்கும் வரைபடங்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு, இந்திய நிறுவனங்களும் சங்கங்களும் இதுபோன்ற விவரங்களைச் சேகரிக்க முன் அனுமதி தேவையில்லை.

இரண்டு வியாபாரிகள் சரக்கு ஒரே வண்டியில் போவது பற்றியும் பேச்சு வருகிறது. எண்ணெய் மொத்த வியாபாரி வண்டியும் மாவு மொத்த வியாபாரி வண்டியும் அரை லோடோடு ஒரே தெருவில் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். சேர்ந்து போக எல்லோருக்கும் ஆசைதான். செலவைப் பிரிப்பதில்தான் சங்கடம். 'உன் கடை தூரம், என் கடை கிட்ட' என்ற சண்டைக்கு, மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. தனித்தனியே போயிருந்தால் எவ்வளவு தூரமோ அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். ஆலங்குளம் 50, சுரண்டை 32, பாவூர்சத்திரம் 20. சேர்ந்து போனது 59. ஆலங்குளத்துக்கு அனுப்பியவர் ஏறக்குறைய 29 கிலோமீட்டருக்கும், சுரண்டைக்கு அனுப்பியவர் பதினெட்டரைக்கும், பாவூர்சத்திரத்துக்கு அனுப்பியவர் பதினொன்றரைக்கும் கொடுத்தால் போதும். மூவருக்கும் லாபம், யாருக்கும் தனியாகப் போனதைவிட அதிகம் இல்லை. எடை பெரிதும் வித்தியாசப்பட்டால் தூரத்தோடு எடையையும் பெருக்கிக்கொள்ளலாம். அவரவர் பில் தனித்தனியே வண்டியில் இருக்க வேண்டும், இ-வே பில் தேவைப்படும் சரக்குக்கு அதே வண்டி எண்ணைப் போட வேண்டும், வசூல் பணத்தை அவரவர் ஆளே வாங்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண், நேரம், எத்தனை கடை, எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டாவது மாதம் கார்டுப் பெட்டியை வைத்து, அதே நோட்டின் எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். குற்றாலம் லைன் ஓட்டுகிறவர்கள் சீசனுக்கும் சீசன் அல்லாத மாதத்துக்கும் தனி நோட்டுப் போட வேண்டும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் கணக்கு நிற்காது.